ஆஃப் பண்ணும்மா

என் மகள் பேசி ஏழு மாதம் ஆகிறது. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை, பார்த்தாயிற்று. காதும் நன்றாகக் கேட்கிறது. பேச வேண்டாம் என்று அவளே முடிவு செய்திருக்கிறாள். அதற்குக் காரணம் நான். இதை வீடியோவில் சொல்லாமல் எழுதுவதற்கும், யார் பெயரையும் போடாமல் எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

எனக்கு வாய் அதிகம். மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்த பெண்களில் ஓயாமல் பேசியவள் நான்தான். வெயில் ஏறிய பிறகும் மேஸ்திரி "இன்னும் ரெண்டு நடை" என்று சொன்னால், "நீ ஒரு நடை தூக்கிக் காட்டு, நாங்க பத்து நடை போறோம்" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் கொஞ்சம் பேசுவேன். ஒருநாள் மதியம் வரப்பில் உட்கார்ந்து கூழும் சுட்ட கருவாடும் சாப்பிடும்போது, போனைத் தூக்குச்சட்டியில் சாய்த்து வைத்துவிட்டு அப்படியே பேசினேன். மேஸ்திரியை வம்பிழுத்தேன், வெங்காயம் உரிக்கத் தெரியாத என் புருஷனை வம்பிழுத்தேன். அவர் உப்பு மூட்டை ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர், நல்ல மனுஷன், திருப்பி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்த வீடியோ எங்கெங்கோ போயிற்று. "அக்கா, எங்க சித்தி பேசுற மாதிரியே இருக்குது" என்று எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நானும் ஒரு சேனல் தொடங்கிவிட்டேன்.

சேனல்காரர்கள் எல்லாரும் பார்க்கிறவர்களை "உறவுகளே" என்பார்கள், "மக்களே" என்பார்கள். நான் "சொந்தங்களே" என்றேன். மற்றவர்களுக்கு அது வணக்கம் சொல்வது போல வாய்க்கு வந்த ஒரு சொல். நான் அதை நம்பிவிட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் வீடியோ போடாமல் இருந்தபோது, என்ன ஆச்சு என்று முகம் தெரியாத நூறு பேர் கேட்டார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் நாத்தனாருக்கு நான் எழுந்து வந்து வீடியோ போட்ட பிறகுதான் விஷயமே தெரியும். யார் சொந்தம் என்று அன்றைக்கு நான் கணக்குப் போட்டது இப்படித்தான்.

அதற்குப் பிறகு உப்பளத்துக்கு நான் வேலைக்குப் போகவில்லை. வீடியோ எடுக்க மட்டும் போனேன். பாண்டிச்சேரிப் புடவைக் கடையிலிருந்து அனுப்பிய புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு பாத்தி ஓரத்தில் நிற்பேன். கூட வேலை செய்த பெண்கள் சும்மா விடுவார்களா?

"தள்ளி நில்லும்மா, உப்பு ஒட்டி பொடவை கெட்டுடப் போவுது" என்பாள் ஒருத்தி.

"அவ இன்னா உப்பு வார வந்தாளா, உப்ப பாக்க வந்திருக்கா" என்பாள் இன்னொருத்தி. அதையும் வீடியோவில் சேர்த்துக்கொண்டேன். என்னைக் கேலி செய்தாலும் அது எனக்குச் சரக்குதான்.

என் மகளும் என்னைப் போலத்தான், வாயாடி. சின்ன வயதில் வீடியோவில் குறுக்கே வந்து கும்பிடு போட்டுவிட்டு ஓடுவாள். எட்டாம் வகுப்புக்கு வந்ததும் கேமராவைக் கண்டால் ஒதுங்க ஆரம்பித்தாள். திமிர் என்று நினைத்தேன். அவள் எதற்காக ஒதுங்குகிறாள் என்று ஒருநாள்கூட உட்கார்ந்து கேட்டதில்லை.

தை மாதத்தில் பெரியவள் ஆனாள். எங்கள் பக்கத்தில் இது வீட்டுக்குள் மூடி வைக்கிற சமாசாரம் இல்லை. தாய்மாமன் பச்சை ஓலை கொண்டுவந்து குடிசை கட்ட வேண்டும், சொந்தக்காரர்களுக்கெல்லாம் சர்க்கரையும் வாழைப்பழமும் கொடுத்துச் சொல்ல வேண்டும், மண்டபம் பிடித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு வீட்டுக்குச் சொல்லாமல் விட்டால் அந்த வீடு பத்து வருஷம் பேசாது. பிரம்மதேசத்திலிருந்து என் தம்பி ஓலையோடு வந்து இறங்கினான். கையோடு ஃப்ளெக்ஸுக்கும் சொல்லிவிட்டு வந்திருந்தான். நடுவில் என் மகள் படம், சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்ட மாமன்மார் படம், கீழே வாழ்த்துச் சொல்லும் நண்டுசிண்டுகளின் படம். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

ஓலைக் குடிசைக்குள் உட்கார்ந்திருந்தவள் என் கையில் போனைப் பார்த்ததும் கெஞ்சினாள்.

"அம்மா, வீடியோ மட்டும் வேணாம்மா."

"ஏன்டி? உங்க மாமன் பஸ் ஸ்டாண்டுல ஃப்ளெக்ஸே வெக்கிறான். ஊரே பாக்கப் போவுது. வீடியோல இன்னா இருக்குது?"

"ஃப்ளெக்ஸ் வேற, இது வேறம்மா."

"இன்னா வேற? சொல்லு பாப்போம்."

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது, சொல்லத்தான் வரவில்லை. எனக்கு இரண்டுமே இல்லை. ஃப்ளெக்ஸை நாலாம் நாள் கழற்றிவிடுவார்கள் என்பதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. எங்கள் ஃப்ளெக்ஸை என் தம்பி கொண்டுபோய் மாட்டுக்கொட்டகையில் ஒழுகும் இடத்தில் கட்டினான். இப்போது அதில் என் மகளின் முகம் வெளுத்துப்போய் அடையாளமே தெரியாது. கல்யாணத்துக்கும் ஃப்ளெக்ஸ், காரியத்துக்கும் ஃப்ளெக்ஸ் என்று பழகிய எனக்கு, வீடியோ என்பது கொஞ்சம் பெரிய ஃப்ளெக்ஸ்தான். பார்க்கிறவர்களும் சொந்தங்கள். சொந்தத்துக்குச் சொல்லாமல் எப்படி?

எடுத்தேன். "பாருங்க சொந்தங்களே, எங்க வீட்டுப் பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா" என்று குடிசைக்குள் போனை நீட்டினேன். அவள் முகத்தின் முன் கையை விரித்துக்கொண்டாள். "அம்மா, போதும்மா, ஆஃப் பண்ணும்மா" என்றாள். "பாருங்களேன் வெக்கத்த!" என்று சிரித்தேன். மறுபடியும் அதையே சொன்னாள். மூன்றாவது முறை சொல்லும்போது குரல் உடைந்து, மேலே போய்க் கீறிக்கொண்டு வந்தது. அது வெட்கம் இல்லை. கெஞ்சல். பெற்றவளுக்கு அது தெரியவில்லை என்று சொன்னால் பொய். லேசாகத் தெரிந்தது. ஆனால் கையில் போன் இருக்கும்போது எனக்கு அதற்குமேல் எதுவும் உள்ளே இறங்காது.

முதல் மூன்று வினாடியில் ஆளைப் பிடிக்க வேண்டும் என்பது சேனல்காரர்களின் பாலபாடம். அந்த மூன்றாவது "அம்மா, போதும்மா, ஆஃப் பண்ணும்மா"வை வெட்டி வீடியோவின் தொடக்கத்தில் ஒட்டினேன். இந்தக் கையால்தான் ஒட்டினேன்.

ஒரு வாரம் வாழ்த்தாக வந்து குவிந்தது. பிறகு யாரோ அந்தக் குரலை மட்டும் உருவி ரீல்ஸில் போட்டார்கள். ஆபீஸில் மேனேஜர் பேச ஆரம்பிக்கிறார், பின்னால் நிற்கிற ஊழியன் என் மகள் குரலுக்கு வாயசைக்கிறான். கல்யாணத்தில் போட்டோகிராபர் மாப்பிள்ளையைப் பாடாய்ப் படுத்துகிறார், மாப்பிள்ளை வாயசைக்கிறான். ஒருவர் நாயைக் குளிப்பாட்டுகிறார், நாய் வாயைத் திறக்கிற இடத்தில் என் மகள் குரல். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நாய் வந்த ரீல்ஸைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளிடமே கொண்டுபோய்க் காட்டினேன்.

"பாருடி, உன் கொரலு எங்கெல்லாம் போயிருக்குது பாரு."

பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் பாடம் எடுக்க வாயைத் திறந்தால் பின் பெஞ்சிலிருந்து "ஆஃப் பண்ணும்மா" என்று குரல் வருமாம். பிள்ளைகள் எல்லாரும் இவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்குமாம். இதெல்லாம் அவள் சொல்லி எனக்குத் தெரியவில்லை, பிறகு அவள் கூடப் படிக்கிற பெண் சொல்லித் தெரிந்தது. வருகைப் பதிவுக்குக் கையை மட்டும் தூக்க ஆரம்பித்தாளாம். அப்புறம் ஒருநாள் மளிகைக்கடையில் "அண்ணா, ரெண்டு ஷாம்பு" என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரர் குரலைக் கேட்டு நிமிர்ந்திருக்கிறார்.

"ஏம்மா, அந்த ஆஃப் பண்ணும்மா நீதானே? எங்க, ஒருவாட்டி சொல்லிக் காட்டு."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. பிரியமாகத்தான் கேட்டிருக்கிறார். பின்னால் இதை என்னிடம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். என் மகள் ஷாம்பு வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு போனாலும் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்திருக்க வேண்டும்.

அவள் பேச்சை நிறுத்தியது எந்த நாள் என்று எனக்குத் தெரியாது. அதைவிடக் கேவலம் எதுவும் இல்லை. நான் கமெண்டுக்கெல்லாம் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் புருஷன்தான் கேட்டார்.

"பாப்பா பேசி எத்தினி நாளு ஆவுது?"

"இன்னா பேச்சு பேசுற, காலைல கூட..." என்று ஆரம்பித்தேன். காலையில் அவள் ஒன்றும் பேசவில்லை. முந்தின நாளும் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். கடைசியாக அவள் என்னிடம் என்ன சொன்னாள் என்று ஞாபகத்துக்கு வரவே இல்லை. அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

அன்றைக்கே அந்த வீடியோவை அழித்தேன். அது போதவில்லை. அவள் தலை காட்டிய எல்லா வீடியோவையும் சேனலிலிருந்து அழித்தேன், போனிலிருந்தும் அழித்தேன். குழந்தையாக இருந்தபோது எடுத்தது, கும்பிடு போட்டுவிட்டு ஓடியது, எதையும் விடவில்லை. ஒன்றும் மிஞ்சக் கூடாது என்று ஒரு வெறி. ஆனால் வெளியே போன குரல் வெளியே போனதுதான். என்னிடம் இருந்ததைத்தான் என்னால் அழிக்க முடிந்தது.

ஆப்பில் புகார் போட்டேன். இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. எத்தனை முறை போட்டாலும் அதே பதில். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் போலீஸ் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார், முழுக்கக் கேட்டார்.

"எழுதித் தாங்கம்மா, மேல அனுப்புறோம். ஆனா மொதல்ல இத போட்டது யாருன்னு கேப்பாங்க."

"நான்தாங்க."

அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை, எழுதவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு ஒவ்வொருவருக்கும் நானே மெசேஜ் அனுப்பினேன். "தம்பி, அது என் பொண்ணு குரல், எடுத்துடுப்பா." சிலர் எடுத்தார்கள். மலேசியாவிலிருந்து ஒரு பெண் மன்னிப்புக் கேட்டு எடுத்தாள், அவளை நான் மறக்க மாட்டேன். பலர் சிரிக்கிற பொம்மையை அனுப்பினார்கள். ஒருவன், "அக்கா, டிரெண்டு முடிஞ்சா எல்லாரும் மறந்துடுவாங்க, ஃப்ரீயா விடுங்க" என்றான். காய்ச்சல் இறங்கக் காத்திருப்பது போல நானும் டிரெண்டு இறங்கக் காத்திருந்தேன். இறங்கிக்கொண்டும் இருந்தது. அப்போதுதான் நான் அடுத்த முட்டாள்தனத்தைச் செய்தேன்.

சொந்தங்களிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். நம் பிள்ளைக்கு ஒன்று என்றால் சொந்தம் விட்டுக்கொடுக்காது என்று அப்போதும் நம்பினேன். கேமரா முன்னால் உட்கார்ந்து அழுதேன். "கையெடுத்துக் கும்பிடுறேன் சொந்தங்களே, எம் பொண்ணு பேச மாட்டேங்குறா, அந்தக் குரல அழிச்சிடுங்க" என்றேன். நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்த வீடியோ அதுதான். அணைந்துகொண்டிருந்த டிரெண்டு மறுபடியும் பற்றிக்கொண்டது. மறுநாள், நான் அழுகிற படத்தை வெட்டி எடுத்து, அதற்குமேல் என் மகள் குரலை ஒட்டியிருந்தார்கள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுகிறேன், பின்னால் அவள் குரல், "போதும்மா, ஆஃப் பண்ணும்மா." ரொம்பப் பொருத்தமாகத்தான் ஒட்டியிருந்தார்கள்.

அந்த வாரம் ஒரு போன் வந்தது. திண்டிவனம் பக்கம் எலக்ட்ரிக் கடை ஒன்று. சுவிட்ச் விளம்பரம் எடுக்கிறார்களாம், பாப்பா வந்து அந்த ஒரு வரியை மட்டும் சொன்னால் போதுமாம். என் வாயிலிருந்து வந்த கெட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் திட்டுவதற்கு முன்னால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இந்தச் சாக்கிலாவது அவள் வாயைத் திறப்பாளா என்று யோசித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். நான் எப்படிப்பட்டவள் என்று யாருக்காவது தெரிந்திருக்கட்டும்.

சேனலை மூடினேன். பள்ளிக்கூடம் கோடை லீவுக்குப் பிறகு திறந்தபோது அவள் போகவில்லை. மாமன் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்றோம், தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். பிரம்மதேசத்தில் மட்டும் போன் இல்லையா என்ன? குயிலாப்பாளையத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் ஏறி அழைத்துப்போனேன். அறைக்குள் அவளை மட்டும் கூப்பிட்டார்கள். பேப்பரில் நிறைய எழுதியிருக்கிறாள். என்ன எழுதினாள் என்று கேட்டேன், டாக்டரம்மா காட்டவில்லை.

"கட்டாயப்படுத்தாதீங்க. பயம் இல்லன்னு அவளுக்கே தோணுச்சுன்னா பேசுவா."

"எப்போங்க பேசுவா?"

"அத என்னால சொல்ல முடியாதுங்க."

நான் திரும்பவும் கூடை தூக்கப் போனேன். பழைய பெண்கள் யாரும் கேலி செய்யவில்லை. ஒருத்தி மட்டும் சும்மாட்டுத் துணியை என் பக்கம் தூக்கிப் போட்டாள். அவர்கள் பழையபடி ஏதாவது நக்கலாகச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினேன்.

ஆடி மாதம் ஒருநாள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசல் பக்கமிருந்து "அம்மா" என்று அவள் குரல். கையெல்லாம் சோப்பு, அப்படியே ஓடினேன். "இன்னாடி கண்ணு, இன்னாம்மா" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வாசலுக்கு வெளியே எவனோ ஒரு பையன் பைக்கை நிறுத்தி, போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா" என்பதற்குப் பிறகு மீதியும் வந்தது. என் மகள் வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிவந்ததை, ஆசையாய் ஓடிவந்ததை, முழுக்கப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பழக்கம் வந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

புகார் போடுவதற்காகத் தேடுகிறேன் என்றுதான் முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதிய ஓய்வில் மற்றவர்கள் ஷெட்டுக்குள் படுத்திருக்கும்போது, நான் உப்பு அம்பாரத்தின் பின்னால் போய் உட்கார்ந்து அந்த ரீல்ஸைத் தேடுவேன். பத்து பதினைந்து ஓடிய பிறகுதான் தெரியும், ஒன்றுக்குக்கூடப் புகார் போட்டிருக்க மாட்டேன். கேட்டுக்கொண்டே இருந்திருப்பேன். என் மகளின் குரல் என்னிடம் இல்லை, எல்லாவற்றையும் நான்தான் அழித்தேன். அவள் தொண்டையிலும் இப்போது இல்லை. அதைக் கேட்க வேண்டுமென்றால் எவனோ ஒருத்தன் மீசையை முறுக்கிக்கொண்டு வாயசைக்கிற இடத்துக்குத்தான் நான் போக வேண்டும். அவன் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு காதோடு வைத்துக் கேட்பேன். "போதும்மா"வில் அந்த "ம்மா"வை அவள் இழுக்கிற இழுப்பு, மூன்று வயதில் சோறு போதும் என்று சொல்வாளே, அதே இழுப்பு. நான் கேட்கிற ஒவ்வொரு முறையும் பார்த்தவர் எண்ணிக்கையில் ஒன்று கூடுகிறது. தெரிந்தேதான் கேட்கிறேன்.

போன வாரம் என் புருஷன் அவளிடம் எனக்குச் சோறு கொடுத்தனுப்பியிருக்கிறார். அவள் வரப்பில் நடந்து வந்தது எனக்குத் தெரியாது. கட்டைவிரலை எடுக்காமல் ஏழெட்டு முறை கேட்டிருப்பேன். நிழல் விழுந்ததும் திரும்பினேன். தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் இளகியது. நான் கற்பனை செய்துகொண்டு சொல்லவில்லை, ஏழு மாதமாக அந்த முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறவள் சொல்கிறேன். உதடு பிரிந்தது. தொண்டை அசைந்தது.

அப்புறம் என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். அதன் கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"இல்லடி, எடுக்கல, சத்தியமா எடுக்கலடி" என்று போனை வரப்பில் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து அவளிடம் காட்டினேன். அவள் தூக்குச்சட்டியை அந்த வெறுங்கைகளில் வைத்துவிட்டு, வந்த வரப்பிலேயே திரும்பி நடந்தாள்.